ஸ்டாப்பர் பேக் பதில்கள்: ஹாலந்துக்காரரும் நம்மூர் பின்வரிசையும்

(பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வாலிபத்தில் ஊர் அணிக்கு ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசை நடுவில் நின்று எதிரியைத் தடுப்பவர். இப்போது முட்டம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு மாதந்தோறும் 'மாஸ்டர்' பதில் தருகிறார்.)

இளையோர் பயிற்சிக்கு நல்ல உதாரணம் என்று போன இதழில் ஹாலந்தின் பழைய பேக் ஜான் ஹெய்டிங்காவைச் சொல்லியிருந்தீர்கள். பெரிய அணிக்குக் கோச்சாக வந்த அந்த மனிதரை ஹாலந்து கிளப் அயாக்ஸ் அஞ்சே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. செய்தி பார்ப்பதில்லையா மாஸ்டர்?
— கல்லூரி மாணவர், குளச்சல்

பார்க்கிறேன் தம்பி. 2025 நவம்பர் 5 ராத்திரி துருக்கி கிளப் கலாதாசராயிடம் 0-3. மறுநாள் வேலை போயிற்று. அந்த சீசனில் அதுவரை ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் நாலு ஆட்டம், நாலும் தோல்வி. போட்டது ஒரு கோல், வாங்கியது 14. பின்வரிசையில் ஆடிப் பெயர் வாங்கிய ஒருவர் நடத்திய அணி இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் நான் எழுதியது சின்னப் பையன்களைத் தயார்பண்ணும் வேலையைப் பற்றி. நீ கேட்பது பெரிய அணியை நடத்தும் வேலை. ரெண்டுக்கும் விசில் ஒன்றுதான், தொழில் வேறு. பெரிய அணிக்காரருக்கு மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம். தோற்றால் பத்திரிகை, பங்குதாரர், ரசிகர் எல்லாரும் கேட்பார்கள். இளையோர் கோச் சனிக்கிழமை தோற்கலாம். இடதுகால்காரப் பையனை ஒரு மாதம் முழுக்க வலது பேக்காக நிறுத்தி, அவன் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தத் தடுமாற்றத்தில்தான் அவனுக்கு வலதுகால் முளைக்கும். இதைப் பெரிய அணியில் செய்தால் அடுத்த வாரம் வேறு கோச் வந்து நிற்பார்.

அவர் கதையை முதலிலிருந்து பார். 1983-ல் ஆல்ஃபன் ஆன் டென் ரைன் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அயாக்ஸ் பள்ளிக்குள் வந்துவிட்டார். 2001 ஆகஸ்டில், 17 வயதில், பரம எதிரி ஃபெயநோர்டுக்கு எதிராகப் பெரிய அணியில் முதல் ஆட்டம். அதற்கப்புறம் முழங்கால் அவரை விடவில்லை. இருபது வயதைத் தொடும் முன்பே பெரிய காயங்கள், மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் மீண்டு வந்து, 2008-ல் நெதர்லாந்தின் சிறந்த கால்பந்து வீரர் என்ற விருதை வாங்கினார். ஒரு பேக்குக்கு இந்த மாதிரி விருது கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று என்னைப் போன்ற ஸ்டாப்பர்களைக் கேட்டால் சொல்வோம். கோல் போடுகிறவனுக்கு மாலை, தடுக்கிறவனுக்குத் திட்டு என்பதுதான் உலக வழக்கம்.

பிறகு அத்லெடிகோ மாட்ரிட், அங்கிருந்து 2009-ல் எவர்ட்டன். எவர்ட்டனில் 2011-12 சீசனின் சிறந்த வீரர் அவர்தான். அப்புறம் ஃபுல்ஹாம், ஹெர்த்தா பெர்லின், கடைசியில் திரும்பவும் அயாக்ஸ். நாட்டுக்காக 87 ஆட்டம். 2016 தொடக்கத்தில் பூட்டைக் கழற்றும்போது வயது 32.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியவர்களில் பலர் நேராக டிவி ஸ்டுடியோவில் போய் உட்காருவார்கள். இவர் தான் வளர்ந்த அதே பயிற்சி மைதானத்துக்குப் போய் 19 வயதுக்குட்பட்ட பையன்களோடு நின்றார். 2021-லிருந்து ஜோங் அயாக்ஸ், அதாவது இளைய அயாக்ஸ். அந்த அணி டச்சு இரண்டாம் டிவிஷனில் முழுவளர்ச்சி அடைந்த ஆண்களோடு மோதுகிறது. பட்டமே வென்றாலும் முதல் டிவிஷனுக்குப் போக முடியாது, விதி அப்படி. ஜெயித்தாலும் ஏற்றம் இல்லை என்றால், கோச்சுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை பையன்களைத் தேற்றுவதுதான். இதைவிட நல்ல பதவி கால்பந்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

2023 ஜனவரியில் பெரிய அணியில் தீப்பிடித்தது. லீகில் தொடர்ந்து ஏழு ஆட்டம் வெற்றி இல்லை. கோச் ஆல்ஃப்ரட் ஷ்ரோடரை அனுப்பிவிட்டு, பக்கத்து மைதானத்தில் நின்ற ஹெய்டிங்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். முதல் ஆட்டத்தில் எக்செல்சியரை 4-1 என்று அடித்தார். சீசன் முடிவில் மூன்றாவது இடம். கோப்பை இறுதியில் பிஎஸ்வியிடம் பெனால்டியில் தோல்வி. அயாக்ஸுக்கு அது போதாது, பதவியை நீட்டிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவைக் கவனி. வேறொரு சின்ன கிளப்புக்குத் தலைமை கோச்சாகப் போகாமல், எவர்ட்டனில் தனக்குக் கோச்சாக இருந்த டேவிட் மோய்ஸிடம் வெஸ்ட்ஹாமில் உதவியாளராகப் போனார். அடுத்த வருஷம் லிவர்பூலில் ஆர்னே ஸ்லாட்டுக்கு உதவியாளர். அந்த 2024-25 சீசனில் லிவர்பூல் லீக் சாம்பியன். அங்கே அந்த வருஷத்தின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கிய ரையன் கிரேவன்பெர்க், ஹெய்டிங்கா இளையோர் கோச்சாக நின்ற காலத்தில் அதே அயாக்ஸ் பள்ளியில் வளர்ந்தவர். அப்புறம்தான் 2025-ல் அயாக்ஸ் திரும்பக் கூப்பிட்டது, அஞ்சு மாதத்தில் திரும்ப அனுப்பியது.

தான் நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து ஒருவரை இழுத்து, எரிகிற இடத்தில் நிறுத்தி, அணைக்கவில்லை என்று குற்றம் சொன்னார்கள். முதல் தடவை அவசரம், மன்னிக்கலாம். இரண்டாம் தடவை யோசித்தே செய்தார்கள். அவரும் யோசித்தே ஒத்துக்கொண்டார், அதுவும் உண்மை. அதற்காக, முன்னே ஏழு வருஷம் பையன்களோடு நின்றதை நீ கணக்கிலிருந்து அழித்துவிடாதே.

2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹெய்டிங்காவுக்குக் காட்டிய சிவப்பு அட்டை நியாயமா?
— டீக்கடை உரிமையாளர், மார்த்தாண்டம்

நியாயம்தான். நம்ம நேரத்துக்கு ராத்திரி 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். கடற்கரை ஊர்களில் பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் பார்த்தோம். 57-வது நிமிடம் முதல் மஞ்சள், 109-வது நிமிடம் இரண்டாவது, ரெண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. ஸ்பெயினின் இனியஸ்டா அவரைத் தாண்டி ஓடுகிறார், இவர் பின்னாலிருந்து கை வைக்கிறார். ஏற்கெனவே மஞ்சள் வாங்கிய ஸ்டாப்பர் எதிரியைத் தொடவே கூடாது. ஏழு நிமிடம் கழித்து அதே இனியஸ்டா கோல் போட்டார், ஸ்பெயின் 1-0.

அந்த ஆட்டத்தில் மொத்தம் 14 மஞ்சள் அட்டை, இறுதியாட்ட வரலாற்றில் அது சாதனை. ஹாலந்தின் நைஜல் டி யோங் ஸ்பெயினின் சாபி அலோன்சோ நெஞ்சில் வைத்த உதைக்கு மஞ்சளோடு விட்டார் நடுவர். அதற்குச் சிவப்பு காட்டியிருக்க வேண்டும் என்று கேட்டால் சண்டைக்கு நானும் வருகிறேன்.

உங்கள் பக்கத்தில் பிரேசில் கட்சிக்காரர்கள் ஜாஸ்தி என்று தெரியும். காலிறுதியில் ஹாலந்து 2-1 என்று ஜெயித்த மறுநாள் ரோட்டோர மஞ்சள் ஃப்ளெக்ஸ்கள் என்ன ஆயின என்பதையும் நான் பார்த்தேன்.

மெஸ்ஸியா, ரொனால்டோவா?
— பெயர் எழுதாதவர், குழித்துறை

யார் பந்தோடு நேரே வருகிறாரோ அவர்தான் ஸ்டாப்பருக்குப் பெரிய ஆள்.

பேக்காக ஆடி, பிறகு இளையோர் கோச்சான வேறு டச்சுக்காரர்கள் உண்டா? அவர்களும் இப்படித்தான் அடிபட்டார்களா?
— வங்கி ஊழியர், நாகர்கோவில்

உண்டு, எல்லாருக்கும் ஒரே தலையெழுத்து இல்லை. ஃபிராங்க் டி போயர் அயாக்ஸ் இளையோர் கோச்சாக இருந்து 2010 டிசம்பரில் பெரிய அணிக்கு வந்தார். 2011 தொடங்கி 2014 வரை நாலு வருஷமும் லீக் பட்டம். ஆக, மேலே நான் சொன்ன 'ரெண்டும் வேறு தொழில்' என்பதற்கு எதிர்ச்சாட்சி அவர். மறுக்க மாட்டேன்.

மைக்கேல் ரெய்சிகர் இன்னொரு வகை. 1995-ல் அயாக்ஸோடு ஐரோப்பியக் கோப்பை, பிறகு பல வருஷம் பார்சிலோனா, நாட்டுக்கு 72 ஆட்டம். அவர் கோச்சாக இருந்தபோதுதான் 2018-ல் ஜோங் அயாக்ஸ் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை எடுத்தது. அப்புறமும் இளையவர்களோடுதான் பேர்: 2023-ல் நெதர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சானார், 2025 ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை கொண்டுவந்தார்.

வின்ஸ்டன் போகார்டை மறக்கக் கூடாது. செல்சியில் 2000-லிருந்து நாலு வருஷ ஒப்பந்தம். ஆடியது விரல்விட்டு எண்ணும் அளவு. ஆனாலும் ஒப்பந்தம் தீரும்வரை கிளம்பவில்லை, பத்திரிகைகள் கிழித்தன. அந்த மனிதர் பிறகு அயாக்ஸில் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பெஞ்சில் உட்காருவது எப்படியிருக்கும் என்று பதினேழு வயதுப் பையனுக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் எங்கே கிடைப்பார்?

குமரி மாவட்டத்துக்கும் டச்சுப் பயிற்சியாளருக்கும் என்ன சம்பந்தம் என்று என் பேரன் கேட்கிறான். மேலே சொன்ன ஆட்களெல்லாம் அவனுக்கு ரொம்பத் தூரம்.
— ஓய்வுபெற்ற தபால்காரர், தக்கலை

தக்கலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அண்ணாச்சி! பேரனைப் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள டிலனாய் கல்லறையைக் காட்டுங்கள். 1741-ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட அதிகாரி டிலனாய் பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கியும் அணிவகுப்பும் பழக்கினார். 1777-ல் இறக்கும்வரை இங்கேயேதான். கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்து இருக்கிறது, பையனை வாசிக்கச் சொல்லுங்கள். டச்சுப் படையில் வந்தாரே தவிர, பிறந்தது இப்போதைய பிரான்சில் உள்ள அராஸ் ஊரில் என்பார்கள். பேரன் வினாடிவினாக்காரனாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தோற்றவரைக் கோச்சாக வைத்துக்கொண்ட மன்னருக்கு விளையாட்டு தெரிந்திருக்கிறது.

என் மகனுக்குப் பத்து வயசு. பந்தைத் தலையால் முட்டி முட்டிப் பழகுகிறான். மூளைக்குக் கேடு என்று என் தம்பி பயமுறுத்துகிறான். நிறுத்தச் சொல்லவா அண்ணாச்சி?
— மீன் வியாபாரி, குறும்பனை

நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி, இப்போதைக்கு. பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை வீரர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். மறதி நோய் போன்ற மூளைத் தேய்வு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. பிறகு பிரித்துப் பார்த்ததில் பேக்குகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், பந்தை முட்டாத கோலிகளுக்கு அந்த அளவு இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தொழிலாக ஆடியவர்கள், அதுவும் பழைய காலத்துத் தோல் பந்து. உங்கள் மகன் கதை வேறு. இருந்தாலும் 2020-லிருந்து இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் ஏன் நிறுத்தக் கூடாது?

பன்னிரண்டு தாண்டியதும் லேசான பந்தில், கையால் மெல்ல எறிந்து, கண்ணைத் திறந்துகொண்டு நெற்றியால் தொடப் பழக்கலாம். உச்சந்தலையால் கூடவே கூடாது. ஆனி ஆடிச் சாரலில் நனைந்து ஊறிய பந்தை யாருமே முட்டக் கூடாது, நானும் முட்ட மாட்டேன்.

எங்கள் ஊரில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் ஃபார்வர்ட் ஆக வேண்டும். பேக் நிற்க ஆள் இல்லை. ஹாலந்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— ஊர் அணிக் கோச், வள்ளவிளை

உங்கள் தூத்தூர்க் கரைக்குப் பந்து சொல்லிக் கொடுக்க நான் யார்! ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

முதல் காரியம், அந்த வயதில் பேக், ஃபார்வர்ட் என்று பிரிப்பதையே ஹாலந்தில் தள்ளிப்போடுகிறார்கள். அங்கே கால்பந்துச் சங்கம் வைத்த முறையில் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பக்கம் நாலு பேர், பத்துக்குட்பட்டவர்களுக்கு ஆறு பேர், பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு எட்டு பேர். அதற்கு மேல்தான் பதினொரு பேர் ஆட்டம். சின்ன மைதானத்தில் நாலு பேர் என்றால், பந்தை இழந்த மறு நொடி எல்லாரும் பேக். யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நம்மூரில் எட்டு வயதுப் பையனைப் பெரியவர்கள் மைதானத்தில் இறக்கி, கோலி பக்கத்தில் நிறுத்தி, 'இங்கேயே நில்லுலே' என்கிறோம். ஒரு மணி நேரத்தில் பந்து அவனிடம் எத்தனை தடவை வரும்? அவனுக்கு ஏன் பேக் பிடிக்கும்?

இரண்டாவது, தடுப்பதைத் தனி வித்தையாகச் சொல்லிக் கொடுங்கள். நான் செய்வது இது. நாலைந்து எட்டு அகலத்தில் ரெண்டு கோடு. ஒருவன் பந்தோடு வருகிறான், ஒருவன் தடுக்கிறான். தடுக்கிறவன் காலை நீட்டக் கூடாது. உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, முட்டியை மடக்கி, கை எட்டும் தூரத்தில் பின்னே பின்னே போக வேண்டும். எதிரியை அவனுக்கு வராத கால் பக்கம் ஒதுக்க வேண்டும். பந்து அவன் காலைவிட்டு ஒரு சாண் கூட விலகும்போதுதான் எடுக்க வேண்டும். கைதட்டலைப் பந்து பறிப்பதற்குக் கொடுக்காதீர்கள், எதிரியை நிற்க வைத்ததற்குக் கொடுங்கள். ஒரு வாரத்தில் பையன்கள் 'நான் தடுக்கிறேன் சார்' என்று சண்டை போடுவார்கள். அப்புறம் ரெண்டு பேருக்கு எதிராக ஒருவன். அதில் பந்து பறிப்பது கிட்டத்தட்ட நடக்காது, நேரம் கடத்துவதுதான் வெற்றி. இதைப் புரிந்துகொண்டவன் பாதி ஸ்டாப்பர்.

சறுக்கி எடுப்பதைப் பதினாலு வயது வரைக்கும் தொடாதீர்கள். சரல் மண் மைதானத்தில் தொடைத் தோல் மிஞ்சாது, தாய்மார் உங்களைத் தேடி வருவார்கள்.

நாலு பேக் ஒரே கோட்டில் நகருவதை விளக்க எனக்கு நம்ம கரைமடிதான், கரையில் நின்று இழுக்கும் வலைதான், கைகொடுக்கிறது. ரெண்டு பக்கக் கயிறும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணி மீன் அந்த வழியே போய்விடும். பேக் வரிசையில் ஒருவன் பிந்தி நின்றால் ஆஃப்சைடு போயிற்று, ஃபார்வர்ட் அந்த வழியே போய்விடுவான். உள்ளூர்ப் பையன்களுக்கு இதற்கு மேல் படம் வரைந்து காட்டத் தேவையில்லை.

இன்னொன்று சொல்லத்தான் வேண்டும். திருவிழா செவன்ஸில், அதாவது ஏழு பேர் ஆட்டத்தில், பரிசுப் பணத்துக்காகப் பன்னிரண்டு வயதுப் பையனை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கால் உள்ள நாலு பேர் மட்டும் ஆடுவார்கள், மற்றவன் தண்ணீர் பாட்டில் சுமப்பான். அடுத்த வருஷம் அவன் வரமாட்டான். யாருக்குத் தெரியும், அவன்தான் ஸ்டாப்பராக இருந்திருப்பானோ என்னவோ.

முழங்கால் காயத்துக்குப் பிறகு நம்ம மைக்கேல் சூசைராஜ் பழையபடி பேசப்படவில்லையே. காயம்பட்டால் அவ்வளவுதானா?
— பார்வதிபுரத்திலிருந்து ஒரு ரசிகை

இரவிபுத்தன்துறைக் கரையிலிருந்து கிளம்பி சென்னை சிட்டி, ஜம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போனவர், 2019-ல் இந்திய அணிக்கும் தேர்வானவர். 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அப்புறமும் திரும்பி வந்து ஆடினார். அவ்வளவுதான் என்று யார் சொன்னது?

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் நார் அறுந்தால் பொதுவாக ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்குகிறவர்களுக்குத் திரும்பவும் அறுகிற வாய்ப்பு கூடுதல். விங்கில், அதாவது மைதான ஓரத்தில், ஓடுகிறவருக்கு அந்த முதல் எட்டு வேகம்தான் மூலதனம். ஸ்டாப்பருக்கு அது கொஞ்சம் குறைந்தாலும் நிற்கிற இடத்தால் ஈடுகட்டலாம். ஹெய்டிங்கா அந்த வயதில் அத்தனை நாள் வெளியே உட்கார்ந்தும் 87 ஆட்டம் நாட்டுக்கு ஆடியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

எனக்குப் பதினாலு வயசு. நான் ஃபார்வர்ட். போன வாரம் ஒரு கோல் விட்டதுக்கு எங்க சார் என்னைப் பேக்கில் நிறுத்திவிட்டார். கூட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். டீமை விட்டு விலகிவிடலாமா?
— மாணவன், தூத்தூர்

விலகாதே மக்களே. உங்க சார் தண்டனையாகச் செய்திருந்தால் அது அவர் பிழை. பேக்கில் நிறுத்துவது முழங்கால் போடச் சொல்வது மாதிரி ஒரு தண்டனை இல்லை. அவரிடம் போய் மரியாதையாகக் கேள்: 'சார், எத்தனை ஆட்டம் நான் பேக் நிற்கணும், நான் என்ன கத்துக்கணும்?' பதில் சொல்லத் தெரிந்தால் அவர் நல்ல கோச். கோபப்பட்டால் அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்க் கேள்.

அதுவரைக்கும் பேக்கில் நின்று ஒரு காரியம் செய். உன் பக்கம் வரும் ஃபார்வர்டு பந்து வாங்குவதற்கு முன்னால் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறான் என்று மட்டும் பார். பத்தில் ஏழெட்டுத் தடவை அந்தப் பக்கம்தான் திரும்புவான். நீயும் அதையே செய்துகொண்டிருந்திருப்பாய், இதுவரை உனக்குத் தெரிந்திருக்காது. திரும்ப ஃபார்வர்ட் போகும்போது வேற பக்கம் தலையைத் திருப்பிவிட்டு இந்தப் பக்கம் போ.

சிரிக்கிற கூட்டுக்காரர்களை நாளைக்குச் சாயங்காலம் ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்குக் கூப்பிடு. நீ பேக், அவர்கள் ஃபார்வர்ட். காலை மட்டும் நீட்டாதே.